அடிக்கும் கோலும் அளக்கும் கோலும்

பாரிஸ் நகரம், 1793-ஆம் ஆண்டு. வீதியிலே புரட்சியின் பேரிரைச்சல். சதுக்கத்திலே கில்லட்டின் எந்திரம். குறுகலான தெரு ஒன்றில், வெர்னே என்ற கைம்பெண்ணின் வீட்டில், ஐம்பது வயது அறிஞர் ஒருவர் ஒளிந்திருக்கிறார். கைது ஆணை பிறந்துவிட்டது. வெளியே தலை காட்டினால் தலை தப்பாது. அறிவியல் கழகத்தின் நிலையான செயலாளராக வீற்றிருந்தவர். பிரபு குலத்தில் பிறந்தும் பிரபுக்களின் தனியுரிமையைச் சாடியவர். அடிமை வாணிபத்தைக் கண்டித்தவர். பெண்ணுக்கும் குடியுரிமை வேண்டும் என்று 1790-லேயே எழுதியவர் — கொண்டார்சே!

சாவு வாசற்படியிலே நிற்கிறது. அந்த வேளையில் அவர் என்ன எழுதினார்? தம்மைத் தூற்றியோரைத் தூற்றி எழுதினாரா? இல்லை. மனித இனம் அறிவின் துணையால் முன்னேறி வந்த வரலாற்றை எழுதினார். அது உலகறிந்த செய்தி. ஆனால் அக்காலத்தில் அவர் எழுதிய இன்னொரு சிறு நூலும் உண்டு. அதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அது ஒரு கணக்குப் புத்தகம்! ஆம், சிறுவர்க்கு எண்ணவும் கூட்டவும் பெருக்கவும் வகுக்கவும் கற்றுத் தரும் கணக்குப் புத்தகம். மாணவனுக்குப் பாடம் மட்டுமல்ல. அந்தப் பாடத்தை எப்படிச் சொல்லவேண்டும், ஏன் அப்படிச் சொல்லவேண்டும் என்று ஆசிரியருக்கு விளக்கமும் அதிலே உண்டு. 1794 மார்ச்சுத் திங்களின் இறுதியில் அவர் மறைவிடத்தை விட்டு வெளியேறினார், பிடிபட்டார், சிறையிலே மாண்டார். 5 ஆண்டுகள் கழித்து, 1799-ல், அந்தக் கணக்குப் புத்தகம் அச்சேறிற்று.

உயிர் ஊசலாடும் நேரத்தில் கூட்டலும் கழித்தலுமா? பித்தோ இவருக்கு? என்று கேட்கத் தோன்றும். பித்தல்ல தோழர்களே, பகுத்தறிவு! கணக்கறியாதவன் கணக்கறிந்தவனை நத்தி வாழவேண்டும் — கொண்டார்சேயின் கல்விக் கொள்கையின் சாரம் இதுதான். நியூட்டனைப் போன்ற மேதை பக்கத்து வீட்டிலேயே இருக்கட்டும்; அதனால் எவருக்கும் அடிமைத்தனம் வந்துவிடாது. நான்கு கணக்குகளைத் தெளிவாகக் கற்ற உழவன், அன்றாட வாழ்விலே அந்த மேதையின் கையை எதிர்பார்க்கமாட்டான். ஆனால் அந்த நான்கும் தெரியாதவனோ, தான் விளைவித்த தானியம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளவும் பிறர் முகம் பார்த்து நிற்பான். முகம் பார்த்து நிற்பவனுக்கு முதுகு வளையாமலிருக்குமா?

கொண்டார்சே சொன்னது வெறும் தத்துவமா, வாழ்க்கை உண்மையா? அன்றைய பிரான்சின் சந்தைக்குள் நுழைந்து பார்ப்போம்.

தானியம் அளக்கும் மரக்கால் ஊருக்கு ஒன்று. ஊருக்கு ஒன்றா? ஒரே ஊரிலே சந்தை மரக்கால் ஒன்று, பிரபுவின் மரக்கால் ஒன்று. வரி வாங்கும்போது குவித்து அளப்பது, கொடுக்கும்போது தலைதட்டி அளப்பது. அளவு கோலிலே இருந்ததா, அளப்பவன் மனத்திலே இருந்ததா என்று சொல்ல முடியாத நிலை!

நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்பாங் என்பது அந்நாட்டு நில அளவு. 100 சதுரக் கோல் கொண்டது ஓர் ஆர்பாங். எளிதாகத்தானே இருக்கிறது என்பீர்கள். ஆனால், கோல் எத்தனை அடி? பாரிஸ் ஆர்பாங்குக்குக் கோல் 18 அடி. அரசின் வனத்துறை ஆர்பாங்குக்குக் கோல் 22 அடி. 4 அடிதானே வேறுபாடு, போகட்டும் என்று எழுத்தறியா உழவன் எண்ணுவான். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 18 அடிக் கோலுக்குச் சதுரக் கோல் ஒன்று 324 சதுர அடி; 22 அடிக் கோலுக்கு 484 சதுர அடி. அதாவது, ஓர் ஆர்பாங் 32,400 சதுர அடி. மற்றோர் ஆர்பாங் 48,400 சதுர அடி. கோலிலே கால் பங்குக்கும் குறைவான வேறுபாடு; நிலத்திலே ஏறக்குறைய அரைப் பங்கு வேறுபாடு! பெயரோ ஒன்று. குத்தகைச் சீட்டில் ‘ஆர்பாங்’ என்று மட்டும் எழுதி, கோலின் நீளத்தை எழுதாமல் விட்டால், ஏமாறுபவன் யார்? நீளம் பெருகும்போது பரப்பு எப்படிப் பெருகும் என்று அறியாதவன்தான். நடுநிலைப் பள்ளியிலே 12 வயதுப் பிள்ளைக்குச் சொல்லித் தரவேண்டிய ஒரு கணக்கு. அதை அறியாத குற்றத்துக்கு அரைப் பங்கு நிலத்தின் தண்டனை!

எடையும் நாணயமும் இதைவிடச் சிக்கல். 16 அவுன்சு ஓர் இராத்தல். 12 தெனியே ஒரு சூ. 20 சூ ஒரு லீவர். இராத்தல் 3 லீவர் 10 சூ விலையுள்ள சரக்கு 5 இராத்தல் 12 அவுன்சு வாங்கினால் என்ன விலை? 16-ஆல் ஒரு கணக்கு, 20-ஆல் ஒரு கணக்கு, 12-ஆல் ஒரு கணக்கு. மூன்று மலைகளை ஏறி இறங்கினால் 20 லீவர், 2 சூ, 6 தெனியே என்ற விடை வரும். கணக்கன் நிமிடத்திலே சொல்வான்; உழவன் நம்பித்தான் ஆகவேண்டும். நம்பிக்கை கோயிலிலே மட்டுமா வளர்க்கப்பட்டது? கடையிலும் வளர்க்கப்பட்டது!

நம் நாட்டிலும் கோலும் மரக்காலும் ஊருக்கு ஊர் வேறுபட்டுக் கிடந்த காலம் உண்டு. ஆகவே பிரஞ்சு உழவனின் பெருமூச்சு நமக்கு அந்நியமானதல்ல. 1789-ல் அந்நாட்டு மக்கள் மன்னனுக்கு எழுதிய குறையேடுகளிலே, நாடெங்கும் ஒரே எடை, ஒரே அளவு வேண்டும் என்ற குரல் ஊருக்கு ஊர் எழுந்தது.

புரட்சி அந்தக் குரலுக்குச் செவி சாய்த்தது. அதுவரை வழக்கிலிருந்த அடிக்கு ‘மன்னனின் அடி’ என்றே பெயர். மன்னன் போனபின் அவன் அடி மட்டும் ஏன்? பூமியின் துருவத்திலிருந்து நடுக்கோடு வரையுள்ள தொலைவில் கோடியில் ஒரு பங்கு — அதுவே இனி அளவு, அதற்கு ‘மீட்டர்’ என்று பெயர், என்றனர் அறிஞர்கள். எந்த மன்னனுடைய உடலிலிருந்தும் எடுத்ததல்ல. எல்லா மக்களும் நிற்கும் பூமியிலிருந்து எடுத்தது! 1795 ஏப்ரல் 7-ஆம் நாள் அது சட்டமாயிற்று. எல்லாம் பத்துப் பத்தாக ஏறும். பத்துப் பத்தாக இறங்கும். மேலே சொன்ன கணக்கு இனி 5.75-ஐ 3.5-ஆல் பெருக்குவது, விடை 20.125. ஒரே ஏற்றம், மலை மூன்றல்ல!

சட்டம் எழுதப் பேனா போதும். அதை நாட்டுப்புறத்துச் சிறுவன் கைவிரலுக்குக் கொண்டு சேர்ப்பது யார்? ஆசிரியர். அந்த ஆசிரியர் எங்கே? அன்றைய சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர் மாதா கோயிலில் மணி அடிப்பவர், பாட்டுப் பாடுபவர், சில ஊர்களிலே குழி வெட்டுபவர். மிச்ச நேரத்தில் பிரம்பெடுத்துப் பாடம் சொல்பவர். அவர் கையிலிருந்தது அடிக்கும் கோல். புரட்சிக்குத் தேவைப்பட்டதோ அளக்கும் கோல்!

அதை உணர்ந்தே 1794 அக்டோபர் 30-ல் மக்கள் பேரவை ஓர் ஆணை பிறப்பித்தது. 20,000 மக்களுக்கு ஒருவர் வீதம், 21 வயது நிரம்பியவர்களை மாவட்டங்கள் தேர்ந்தெடுத்துப் பாரிசுக்கு அனுப்பவேண்டும். அவர்களுக்கு அரசு ஊதியம் தரும். நாட்டின் தலைசிறந்த அறிஞர்கள் அவர்களுக்குக் கற்பிக்கும் கலையைக் கற்பிப்பர். அவர்கள் ஊர் திரும்பி, அங்கங்கே பள்ளி வைத்துப் பிற ஆசிரியர்களைப் பழக்குவர். ஒரு விளக்கிலிருந்து ஆயிரம் விளக்கு! அந்தப் பள்ளிக்கு அவர்கள் இட்ட பெயரின் வேர் ‘நார்மா’ என்ற இலத்தீன் சொல். என்ன பொருள் தெரியுமா? தச்சன் கையிலிருக்கும் மூலைமட்டம்! கோணல் எது, நேர் எது என்று காட்டும் கருவி. ஆசிரியரை உருவாக்கும் பள்ளிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

1795 சனவரி 20. நடுக்கும் கடுங்குளிர், நகரிலே ரொட்டிப் பஞ்சம். தாவரத் தோட்டத்தின் சொற்பொழிவு மண்டபத்திலே ஏறக்குறைய 1,400 பேர் நெருக்கியடித்து நுழைகின்றனர். அத்தனை பேரும் அமர அங்கே இடமில்லை. யார் யாரெல்லாம் வந்திருந்தார்கள்! கப்பலேறி உலகைச் சுற்றி வந்த முதியவர் பூகன்வீல் ஒரு மாணவர். தையற்காரர் மகன், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர், பிரபு குலத்தில் பிறக்கவில்லை என்ற காரணத்தால் பீரங்கிப் படையில் இடம் மறுக்கப்பட்ட 26 வயது இளைஞர் பூரியே ஒரு மாணவர். வெப்பம் பரவும் விதத்தைக் கணக்கால் பிடித்துக் காட்டி உலகப் புகழ் பெற்ற அதே பூரியேதான்! பிறப்பைக் காட்டிக் கதவடைத்த நாடு, புரட்சிக்குப் பின் அறிவைக் கண்டு கதவைத் திறந்தது.

மேடையேறிய ஆசிரியர்களோ மேதைகள். வானத்துக் கோள்களைக் கணக்கிட்ட லாப்லாஸ். ஐரோப்பாவின் முதற் கணித அறிஞர் என்று போற்றப்பட்ட லக்ராஞ்சு. சிறு வணிகரின் மகனாகப் பிறந்து, கோட்டை கட்டும் கலைக்கே புதிய வடிவியலைத் தந்த மோஞ்சு. படைத்துறை இரகசியம் என்று பூட்டி வைக்கப்பட்டிருந்த தம் வடிவியலை, மோஞ்சு அந்த மேடையிலேதான் எல்லார்க்கும் திறந்து காட்டினார். எழுதி வைத்துப் படிப்பதில்லை, மனப்பாடம் ஒப்பிப்பதில்லை என்று ஆசிரியர்கள் உறுதி பூண்டனர். சுருக்கெழுத்தாளர் அமர்ந்து பேச்சை எடுத்தனர். பாடத்துக்குப் பின்னர் மாணவர் எழுந்து கேள்வி கேட்கலாம். குருவின் வாக்குக்கு மறுவாக்கு இல்லை என்றிருந்த உலகிலே இது எவ்வளவு பெரிய புரட்சி!

ஆனால், நடந்தது என்ன?

லாப்லாஸ் எண்களை எழுதும் முறையிலே தொடங்கினார். நல்ல தொடக்கம்தான். ஆனால் பத்தே பாடங்கள்! கூட்டல், பெருக்கலைத் தாண்டி, சமன்பாடுகளின் கோட்பாட்டிலே பாய்ந்து, வடிவியலைத் தொட்டு, புதிய எடை அளவுகளை விளக்கி, நிகழ்தகவிலே போய் முடித்தார். லக்ராஞ்சு மெலிந்த குரலில், இத்தாலிய வாடை வீசும் பிரஞ்சில், முப்படிச் சமன்பாடுகளைப் பற்றிப் பேசினார். உச்சரிப்பைக் கேட்டு மாணவரிலே சிலர் நகைத்தனராம். பக்கத்தில் அமர்ந்திருந்த பேராசிரியர்களே அவர் சொல்லின் அருமையை அறிந்து வியந்தனராம். அங்கே மாணவராக இருந்த பூரியே எழுதி வைத்த குறிப்புகள் இவற்றையெல்லாம் நமக்குச் சொல்கின்றன.

பூரியேக்குப் புரிந்தது. 1,400 பேரில் எத்தனை பூரியே? ஊரிலே கணக்குச் சொல்லிக் கொடுக்க வழி தேடி வந்தவர், சமன்பாட்டின் மூலங்களைக் கேட்டுவிட்டுக் குளிரிலே தங்குமிடம் திரும்பினார். பசி வேறு. காகிதப் பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்தது. ஊதியம் ரொட்டிக்குப் போதவில்லை. வருகை குறைந்தது. இது ஆசிரியரை உருவாக்கும் பள்ளியா, அறிஞர் உரை கேட்கும் அரங்கா என்ற கண்டனம் பேரவையிலே எழுந்தது. 1795 மே 19-ல் பள்ளி மூடப்பட்டது. வாழ்ந்தது 4 திங்கள்! அவர்கள் ஊர் திரும்பித் திறக்கவேண்டிய பள்ளிகளோ பெரும்பாலும் திறக்கப்படவே இல்லை. விளக்கு எரிந்தது, ஆனால் திரி மற்ற விளக்குகளைத் தொடவில்லை.

முழுத் தோல்வி என்று நாம் சொல்லமாட்டோம். அங்கே பேசப்பட்டவை அச்சேறி அறிவுலகுக்கு விருந்தாயின. பூரியே போன்றோர் அங்கே வெளிச்சம் பெற்றனர். ஆனால் எந்த நோக்கத்துக்காகத் தொடங்கினார்களோ அந்த நோக்கம் நிறைவேறவில்லை. ஏன்? கணிதம் போதவில்லையா? உலகிலே அதைவிட உயர்ந்த கணிதம் அன்று வேறெங்கும் இல்லை! குறை வேறு. அந்த மண்டபத்திலே எல்லாரும் இருந்தனர். ஒருவர் மட்டும் இல்லை. கணக்குப் புரியாமல் விழித்து நிற்கும் 12 வயதுச் சிறுவன் இல்லை! அவன் எங்கே தடுக்கி விழுகிறான், எந்தத் தப்பை ஏன் செய்கிறான், எந்தப் பொருளைக் கையில் கொடுத்தால் அவன் கண் ஒளி பெறுகிறது — இதைப் பார்த்துப் பழகாத ஆசிரியனுக்கு லாப்லாசின் பத்துப் பாடமும் பாடமாகாது. கணக்கை அறிவது ஓர் அறிவு. கணக்கைக் கற்பிப்பது வேறோர் அறிவு. முன்னதிலிருந்து பின்னது தானாகப் பிறந்துவிடும் என்று நம்பியதுதான் அந்த மேதைகளின் ஒரே மூடநம்பிக்கை!

அதன் விளைவு? மீட்டர் சட்டத்திலே இருந்தது. மக்களிடம் பழைய கோலே இருந்தது. சொல்லித் தர ஆளில்லாத சீர்திருத்தம் மக்களுக்குத் தொல்லையாகத் தோன்றிற்று. 1812-ல் நெப்போலியன் பின்வாங்கினான். சந்தையிலே அடி, இராத்தல் முதலிய பழைய பெயர்கள் மீண்டும் நடமாடலாம் என்று ஆணையிட்டான். ஆனால் பள்ளிகளிலே புதிய முறையையே கற்பிக்கவேண்டுமாம்! பள்ளியிலே ஒரு கணக்கு, சந்தையிலே ஒரு கணக்கு. படிப்பது ஒன்று, வாழ்வது வேறொன்று. அப்படிப்பட்ட கல்வியைப் பிள்ளை எப்படி மதிப்பான்?

அடுத்த முயற்சிக்குச் சற்றேறக் குறைய 40 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதை மேற்கொண்டவர் கிசோ, மன்னராட்சியின் அமைச்சர். அவரைப் புரட்சி வீரர் என்று நாம் புகழப்போவதில்லை. ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட மக்கள் வேண்டும் என்பதே அவர் கவலை; சமய போதனையும் அவர் சட்டத்திலே முதலிடம் பெற்றது. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும்: மேதைகள் மண்டபத்திலே செய்யாததை, அவருடைய ஆட்சி நாட்டுப்புறத்திலே பொறுமையாகச் செய்தது.

1833 சூன் 28-ஆம் நாள் சட்டம் ஒவ்வோர் ஊராட்சியும் ஒரு தொடக்கப் பள்ளி வைக்கவேண்டும் என்றது. கணக்கும், சட்டப்படியான எடை அளவு முறையும் அங்கே கட்டாயப் பாடம். 6,000 பேருக்கு மேற்பட்ட ஊர்களிலே உயர் தொடக்கப் பள்ளி ஒன்றும் வேண்டும். அது நம் நடுநிலைப் பள்ளிக்கு ஒப்பானது. அங்கே என்ன பாடம்? வடிவியலின் அடிப்படை, அதன் அன்றாடப் பயன்கள், குறிப்பாகக் கோட்டுப் படம் வரைதலும் நில அளவையும்! ஆம், ஆர்பாங்கின் சூதை உடைக்கும் கணக்கு, அமைச்சர் கையெழுத்தோடு பள்ளிக்குள் நுழைந்தது. அதைக் கற்பிக்கும் ஆசிரியர்க்காக, ஒவ்வொரு மாகாணமும் தனித்தோ அண்டை மாகாணத்தோடு சேர்ந்தோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளி நடத்தியே தீரவேண்டும் என்றும் சட்டம் விதித்தது.

அந்தப் பயிற்சி எப்படியிருந்தது? 1832 டிசம்பரில் வகுத்த விதிகள் சொல்கின்றன. நான்கு திங்களல்ல, 2 ஆண்டுகள். எண் கணக்கும் புதிய எடை அளவுகளும். நில அளவையும் செயல்முறை வடிவியலின் பிற பயன்களும். வாழ்க்கைக்கு உதவும் அறிவியல் செய்திகள். பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதும் முறை. மரத்துக்கு ஒட்டுப் போடவும் கிளை கழிக்கவும் பழக்கம்! பயிற்சிப் பள்ளியோடு சிறுவர் பள்ளி ஒன்றும் இணைந்திருக்கவேண்டும். கடைசி 6 திங்கள் பயிற்சி மாணவர்கள் அந்தச் சிறுவர் நடுவே நின்று கற்பித்துப் பழகவேண்டும். 1795-ல் மண்டபத்துக்கு வராத அந்தச் சிறுவன், இங்கே முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டான்!

அப்படிப் பழகிய ஆசிரியர் ஒருவர் ஆர்பாங் கணக்கை எப்படிக் கற்பிப்பார்? எண்ணிப் பார்ப்போம். பழகாதவர் கரும்பலகையிலே சூத்திரத்தை எழுதி, நூறு முறை ஒப்பிக்கச் சொல்லி, தப்பினால் பிரம்பை நீட்டுவார். பழகியவர் பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துச் செல்வார். கயிற்றால் ஒரு சதுரம் கட்டச் சொல்வார். பக்கத்தை இரட்டித்து இன்னொரு சதுரம். பெரிய சதுரத்துக்குள் சிறியது எத்தனை அடங்கும் என்று முதலில் கேட்பார். ‘இரண்டு!’ என்று வகுப்பே கூவும். அடிக்கமாட்டார், சரி என்றும் சொல்லமாட்டார், வைத்துப் பாருங்கள் என்பார். நான்கு அடங்கும். பிள்ளைகள் திகைப்பர். அந்தத் திகைப்புத்தான் கல்வியின் வாசல். பிறகு 18 அடிக் கோலையும் 22 அடிக் கோலையும் சொல்லி, ‘உன் தந்தையின் குத்தகைச் சீட்டிலே எந்தக் கோல்?’ என்று கேட்பார். அன்று மாலை ஒரு வீட்டிலே, பல ஆண்டுகளாகப் பிரிக்கப்படாத சீட்டு ஒன்று விளக்கடியில் விரியும்!

இந்த ‘இரண்டு’ என்ற தவறான விடையை எதிர்பார்த்து நிற்கத் தெரிவதுதான் ஆசிரியர் பயிற்சி. அது லாப்லாசின் நூலிலே கிடைக்காது. சிறுவர்களோடு பழகி, கைப்பொருளோடு பழகி, மற்ற ஆசிரியர்களோடு பேசிப் பெறவேண்டிய அறிவு அது.

1837 சூலை 4-ல் மற்றொரு சட்டம் வந்தது: 1840 சனவரி முதல் நாளிலிருந்து பழைய அளவுகள் எங்கும் செல்லா. இம்முறை பின்வாங்கல் இல்லை. ஆணை மட்டும் காரணமல்ல; ஊருக்கு ஊர் மீட்டர் கோலைப் பிடிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் பெருகியிருந்தனர். பல ஊர்களிலே அவரே ஊராட்சி எழுத்தர். அவரே நிலம் அளந்து சொல்பவர். வழக்கென்றால் பிரபுவின் கணக்கனைத் தேடி ஓடிய உழவன், இப்போது பள்ளிக்கூடத்துக்கு வந்தான்.

சும்மா இருப்பார்களா ஆதிக்கக்காரர்கள்? 1848-ல் மீண்டும் புரட்சி, மீண்டும் குடியரசு. சிற்றூர் ஆசிரியர்கள் மக்கள் பக்கம் சாய்ந்துவிட்டனர் என்ற அச்சம் செல்வரையும் சமயத் தலைவர்களையும் பிடித்தது. 1850 மார்ச் 15-ல் பாலூ சட்டம் பிறந்தது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை மாகாணங்கள் விரும்பினால் மூடிவிடலாம் என்றது அது. உயர் தொடக்கப் பள்ளி என்ற பேச்சையே விட்டுவிட்டது. சமய போதனை கட்டாயம். ஆனால் நடைமுறை வேலைகளுக்குப் பயன்படும் கணக்கு, நில அளவை, மட்டம் பார்த்தல், கோட்டுப் படம் — இவையெல்லாம் ‘கற்பித்தாலும் கற்பிக்கலாம்’ என்ற பட்டியலுக்குத் தள்ளப்பட்டன. கவனியுங்கள் இளைஞர்களே! அவர்கள் கணக்கை ஒழிக்கவில்லை. கூட்டட்டும், பெருக்கட்டும் என்று விட்டுவைத்தனர். கணக்கை வயலோடும் வாழ்க்கையோடும் சேர்க்கும் பகுதியைத்தான் வெட்டினர். அதைச் சொல்லித் தரும் ஆசிரியரை உருவாக்கும் பள்ளிமேல்தான் கோடரியை ஓங்கினர். எந்த நரம்பிலே உயிர் ஓடுகிறது என்பது வைதிகருக்கு நன்றாகத் தெரியும்!

பயிற்சிப் பள்ளிகள் அந்தக் கோடரிக்குத் தப்பிப் பிழைத்தன. 1879 ஆகஸ்டு 9-ல் குடியரசு, ஒவ்வொரு மாகாணமும் ஆடவர்க்கு ஒன்று, பெண்டிர்க்கு ஒன்று என இரண்டு பயிற்சிப் பள்ளிகள் வைத்தே தீரவேண்டும் என்று சட்டம் செய்தது. பெண்ணுக்கும் ஒரே கல்வி என்று முழங்கிய கொண்டார்சே மறைந்து 85 ஆண்டுகள் ஆகியிருந்தன! 1880-ல் போன்தனே-ஓ-ரோசிலும், 1882-ல் சான்-குளூவிலும், பயிற்சிப் பள்ளிகளில் கற்பிப்போரை உருவாக்கும் கல்லூரிகள் எழுந்தன. ஆசிரியரை உருவாக்கும் ஆசிரியருக்கும் பயிற்சி! 1882 மார்ச் 28-ஆம் நாள் சட்டம் கல்வியைக் கட்டாயமாக்கிற்று; பாடத்திட்டத்திலிருந்து சமய போதனையை அகற்றி, ஒழுக்கமும் குடிமைப் பண்பும் கற்பிக்கச் சொல்லிற்று. அதே விதியில், கணிதமும் அறிவியலும், உழவுக்கும் உடல்நலத்துக்கும் தொழிலுக்கும் அவை பயன்படும் விதமும் பாடமாக அமர்ந்தன. அகற்றப்பட்டது எது, அமர்த்தப்பட்டது எது — இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தச் சட்டத்தின் பொருள் விளங்கும்.

கதை இத்தோடு முடிந்தது, பிரான்சு பாடம் கற்றுவிட்டது என்று சொல்லலாமா? சொல்ல முடியவில்லை. 1969-ல் தொடங்கிய ‘நவீன கணித’ச் சீர்திருத்தத்திலே பழைய பிழை புதுச் சட்டை போட்டு வந்தது. 1971-ல் 13 வயதுப் பிள்ளைகளின் பாடத்திட்டத்திலே நேர்கோடு என்பது கணங்களையும் மெய்யெண்களையும் கொண்டு வரையறுக்கப்பட்டது. கயிறு பிடித்துக் கோடு போட்ட பிள்ளை அதே கோட்டை அடையாளம் காணாமல் விழித்தது. பெற்றோரும் ஆசிரியரும் விழித்தனர். இயற்பியலாரும் குறை கூறினர். பத்தாண்டுக்குள் பின்வாங்க நேர்ந்தது. ஆயினும் அந்தக் குழப்பத்திலே ஒரு நன்மை. 1969-லிருந்து பல்கலைக்கழகங்களோடு இணைந்து கணிதக் கல்வி ஆய்வு நிலையங்கள் அமைந்தன. அங்கே வகுப்பாசிரியர்களும் பேராசிரியர்களும் ஒரே மேசையிலே அமர்ந்து, எந்தப் பாடத்தில் பிள்ளை ஏன் தடுக்குகிறான் என்று ஆராயத் தொடங்கினர். 1795-ல் மேடையும் கூட்டமுமாகப் பிரிந்து நின்றவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார ஏறத்தாழ 175 ஆண்டுகள் ஆயின.

நமக்கு இதிலே என்ன? 1957 ஏப்ரல் முதல் நாள் இந்த நாட்டிலே 16 அணாவும் 12 தம்பிடியும் போய், ரூபாய்க்கு 100 காசு வந்தது. 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக மீட்டரும் கிலோவும் வந்தன. கொண்டார்சேயின் தோழர்கள் தேடிய கோல் இன்று நம் கடைத்தெருவிலும் இருக்கிறது. கோல் வந்துவிட்டது, கோலைப் பிடிக்கும் கையைப் பழக்கினோமா? அடகுக் கடையின் வட்டியை, தவணைச் சீட்டின் உண்மை விலையை, பட்டாவிலுள்ள பரப்பை, கூலிச் சீட்டின் கழிவை நம் நடுநிலைப் பள்ளிப் பிள்ளை தானே கணக்கிட்டுப் பார்க்கிறதா?

ஆசிரியர் பயிற்சி என்று எங்கே பெயர்ப் பலகை கண்டாலும் நாம் நான்கு கேள்விகள் கேட்போம். பயிற்சி பெறுவோர் நடுவே சிறுவர் இருக்கின்றனரா? சூத்திரத்தோடு கயிறும் கோலும் தராசும் உண்டா? பிள்ளை செய்யும் தவறு அங்கே ஆராயப்படுகிறதா, அடிக்கப்படுகிறதா? போதிய காலமும் வயிற்றுக்குப் போதிய ஊதியமும் ஆசிரியருக்குத் தரப்படுகின்றனவா? நான்குக்கும் விடை ‘இல்லை’ என்றால், மேடையிலே லாப்லாசே வந்து நின்றாலும் பயனில்லை. 1795 அதற்குச் சாட்சி.

ஒளிந்திருந்த அறையிலே, ஓசை கேட்டால் உயிர் நடுங்கும் நிலையிலே, ஓர் அறிஞர் சிறுவர் கணக்கை எழுதினார். அதை எப்படிக் கற்பிப்பது என்றும் மறவாமல் எழுதினார். பின்னதை நாடு மறந்தது. மறந்த குற்றத்துக்கு உழவன் நெடுங்காலம் குவித்த மரக்காலுக்குத் தானியம் கொட்டினான். நாம் மறக்கவேண்டாம். ஆசிரியர் கையிலிருந்து அடிக்கும் கோலை வாங்குவோம். அளக்கும் கோலைக் கொடுப்போம். அதைப் பிடிக்கப் பழக்குவோம். அளக்கத் தெரிந்த தலைமுறையை அடக்கியாள எவராலும் ஆகாது!